கோணல் கிராப்பு

"அந்த ஆளை மாத்துங்க. இல்லேன்னா என் தம்பியை இப்பவே வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்!"

இரும்புக்கடைக்காரர் தட்டிய தட்டில் மனநல வார்டுத் தலைமை நர்ஸின் பேனா மேஜையிலிருந்து உருண்டு விழுந்தது. பேரம் படியாத சரக்கைக்கூட அவர் இப்படித் திட்டியதில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"என்ன ஆச்சா? அதோ நிக்கிறானே உங்க ஆம்பளை நர்ஸ், அவன் தலையைப் பாருங்கம்மா!"

கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அந்த இளைஞன் யாருக்கோ மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தான். இடதுபக்கம் புதர், வலது காதுக்கு மேல் பொட்டல், பின்னால் படிக்கட்டு. எலி கடித்துவிட்டுப் பாதியிலேயே வெறுத்துப் போனது மாதிரி ஒரு தலை.

"கொஞ்சம் கோணல்தான்." தலைமை நர்ஸ் சிரிப்பை விழுங்கினாள்.

"சிரிக்காதீங்க! என் தம்பி யாரு? சலூன்காரன். அவன்கிட்ட முடி வெட்டிக்க மாப்பிள்ளைங்க வரிசையில நிப்பாங்க. மாசக்கணக்கா சுருண்டு கிடக்கிறான். வாயைத் திறந்தா 'கை செத்துப்போச்சுண்ணே'ங்கிறது ஒண்ணுதான். அவன் கண்ணு முன்னால இந்தத் தலையைக் காட்டினா நோய் தீருமா, கூடுமா?"

"அந்த நர்ஸ்கிட்டயே கேட்டிருக்கலாமே?"

"கேட்டேனே! 'எந்தக் கூறுகெட்டவன்டா இப்படிக் கொதறினான்'னு தம்பி கட்டில்கிட்டயே வெச்சுக் கேட்டேன். 'நல்லாத்தானே இருக்கு சார்'னு பல்லைக் காட்டுறான். தன் தலையையே பார்த்துக்கத் துப்பில்லாதவன் என் தம்பியை என்னத்தைப் பார்த்துக்குவான்?"

"அவருக்கு வர்ற ஞாயித்துக்கிழமை கல்யாணம்."

"அடப்பாவி! பொண்ணு வீட்டுல பார்த்தாங்களா?"

"பார்த்துட்டு, மாமியார் போன்ல ஒரே அழுகையாம்."

"அழமாட்டாங்களா பின்னே!"

"உட்காருங்க சார்." தலைமை நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "உங்க தம்பி சேர்ந்த அன்னிக்குத் தூக்கம், பசி, மனசுன்னு எல்லாம் கேட்டோம். எதுக்கும் பதில் இல்ல. ஆனா எங்க நர்ஸ் தினமும் கூடவே உட்கார்ந்து ஒண்ணைக் கவனிச்சார். யார் உள்ள வந்தாலும் உங்க தம்பி முகத்தைப் பார்க்கிறதில்ல, முடியைப் பார்க்கிறார்."

"சரி, அதனால?"

"மருந்து பிடிச்சு எழுந்து உட்கார ஆரம்பிச்சதும், எங்க நர்ஸ் டாக்டர்கிட்ட அனுமதி வாங்கினார். கத்தரி கிடையாது, சீப்பும் மிஷினும் மட்டும். நானும் பக்கத்துலயே நின்னேன். உங்க தம்பி முன்னால ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, 'அண்ணே, கல்யாண மாப்பிள்ளை, வெட்டிவிடுங்க'ன்னார்."

கடைக்காரர் திரும்பிக் கண்ணாடிக் கதவு வழியாக அந்தத் தலையை இன்னொரு தடவை பார்த்தார்.

"உங்க தம்பி கையில மிஷின் கோணல்மாணலா ஓடிச்சு. பாதியில விட்டுட்டு அழுதார். இவர் அசையல. 'மீதியையும் முடிங்கண்ணே'ன்னார். முடிச்சுட்டுத் தள்ளி நின்னு பார்த்த உங்க தம்பிக்குச் சிரிப்பு வந்துடுச்சு. 'அடுத்த தடவை நல்லா வெட்டுறேன்'னார். அடுத்த தடவைங்கிற வார்த்தை அவர் வாயிலிருந்து வராதான்னுதான் சார் நாங்க எல்லாரும் காத்துக்கிட்டிருந்தோம்."

"இதை அவன் என்கிட்டயே சொல்லியிருக்கலாமில்ல?"

"கூறுகெட்டவன் எவன்னு நீங்க கேட்டப்போ, உங்க தம்பி பக்கத்துலயே இருந்தாரே சார்."

கடைக்காரர் எழுந்தார். விறுவிறுவென்று வார்டுக்குள் போனார். வேறு எவன் கையிலும் கொடுக்கமாட்டேன் என்று காடாய் வளர்த்து வைத்திருந்த தலையைத் தம்பி முன்னால் நீட்டினார்.

"டேய், மிஷினை வாங்கிக்கடா. மாப்பிள்ளைக்குப் போட்ட அதே கிராப்பு எனக்கும் வேணும். ஒரு கோணல் குறைஞ்சாலும் காசு தரமாட்டேன், ஆமா!"