நாலு நிமிடத்தில் வந்தவர்கள்

நெசவாலை வாசலில் வருகைப்பதிவு இயந்திரம் பெருமையோடு சொன்னது: "இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் நாலே நிமிடத்தில் உள்ளே போய்விட்டார்கள். தினமும் அரை மணி நேரம் ஆகும்."

பக்கத்து மேஜையில் இருந்த டீ கேன் முனகியது. "இன்றைக்கு ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மேனேஜரைத் திட்டக்கூட இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. அவரிடம் சொல்லேன்."

"அவர் எண்தான் கேட்பார். நாலு நிமிடம் என்றேன், ஒழுங்கு வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். உன் பயத்தில் எண் எங்கே இருக்கிறது?"

"யாருமே டீயைத் தொடவில்லையே."

இயந்திரம் சற்று யோசித்தது. "எத்தனை டம்ளர் மிச்சம்?"

"இருநூற்றுப் பன்னிரண்டு."

இயந்திரம் அவசரமாக மேனேஜர் அறைப் பக்கம் திரும்பியது. அதற்குள் உள்ளே தறிச்சத்தம் மொத்தமாக நின்றது.