கூப்பிட்ட இடத்துக்கு வரும் மெக்கானிக்

"வேன் சொந்த வேனா, வாடகையா தம்பி?"

டிரெய்லர் லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் தலையைத் திருப்பினான். சக்கரங்களுக்கு நடுவே லாரி முதலாளியின் மனைவி குனிந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சொந்த வேன்தாம்மா."

"ஒர்க்‌ஷாப்ல நல்ல வேலையில இருந்தீங்களாமே. அதை ஏன் விட்டீங்க?"

"நின்னுபோன லாரியை ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டு வர்றதுக்குள்ள டிரைவருக்கு உசிரு போயிடுதும்மா. ஒர்க்‌ஷாப்பே லாரியைத் தேடிப் போனா என்னன்னு தோணுச்சு. மொத்த சாமானையும் வேன்ல ஏத்திட்டேன்."

"யோசனை நல்லாத்தான் இருக்கு" என்று அந்த அம்மாள் பின்னால் திரும்பி யாரிடமோ சொன்னார்.

மெக்கானிக் வெளியே தவழ்ந்து வந்து, விளம்பரம் எழுதிய தன் வேன் பக்கத்தில் நின்றான். லாரி முதலாளியும் அவர் மகளும்கூட நின்றுகொண்டிருந்தார்கள். பிரேக் பிடித்த பிடியை விடவில்லை என்று காலையில் முதலாளிதான் போன் செய்திருந்தார். வந்து பார்த்தால் டிரெய்லரின் பிரேக்குக்குக் காற்று போகும் குழாய் கழன்றிருந்தது. தானாகக் கழன்றதாகத் தெரியவில்லை. யாரோ வேண்டுமென்றே கழற்றிவிட்டது போலத்தான் இருந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று மகள் கைப்பேசியை உயர்த்தினாள்.

மெக்கானிக்குக்குச் சட்டென்று பொறி தட்டியது. 'வேன்ல ஊர் சுத்துறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்' என்று தினமும் புலம்பும் அக்காவின் முகம் கண்முன் வந்து போனது. ஒர்க்‌ஷாப்பை விட்ட நாளிலிருந்து, பேசி வைத்திருந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாக நழுவிப் போயிருந்தது. இப்போது ஒரு குடும்பமே குழாயைக் கழற்றிவிட்டு அவனை வரவழைத்துப் பார்க்கிறது.

அவசரமாக முகத்தைத் துடைத்தான். ஒரு கன்னத்தில் இருந்த கிரீஸ் இரண்டு கன்னத்துக்கும் சமமாகப் போய்ச் சேர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் தள்ளி" என்றாள் மகள்.

வெளிச்சம் பார்க்கிறாள் போல என்று அவன் வெயிலில் போய் நின்று பல் தெரியச் சிரித்தான்.

"ராத்திரியில கூப்பிட்டா போகணுமோ?" என்றார் முதலாளி.

"எப்பவாவதுதாங்க. மத்தபடி விளக்கு வைக்கிறதுக்குள்ள வீட்டுல இருப்பேன்."

"சாமானெல்லாம் எங்க வாங்குனீங்க?"

சிக்கனமான ஆளா என்று ஆழம் பார்க்கிறார்கள். மெக்கானிக் வேனின் பின்கதவைத் திறந்து ஒன்று விடாமல் காட்டினான். காற்று அடிக்கும் கம்ப்ரஸர், ஜாக்கி, வெல்டிங் மிஷின் எல்லாம் எந்தக் கடையில் மலிவு, கடைக்காரரிடம் எப்படிப் பேசினால் விலை இறங்கும் என்பது வரை சொன்னான். மகள் அவனை விலக்கிவிட்டு ஒவ்வொரு தட்டையும் படம் எடுத்தாள். நாளைக்குக் குடும்பம் நடத்தப் போகிறவள் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளட்டும் என்று அவனும் நகர்ந்து கொடுத்தான்.

"வேலை நிறைய வருதா?"

அந்த வாரம் அவனுக்கு வந்த ஒரே அழைப்பு இதுதான்.

"மூச்சு விட நேரமில்லைங்க. என்னை மாதிரி இன்னொரு ஆள் இருந்தாலும் பத்தாது."

கணவனும் மனைவியும் திருப்தியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கூலி எவ்வளவு தம்பி?"

"உங்ககிட்ட போய் வாங்குவேனா மாமா" என்று அவன் வாய் அவனைக் கேட்காமலே சொல்லிவிட்டது.

முதலாளி அதைப் பெரிதுபடுத்தவில்லை. "சரி, வீட்டுல கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்றார்.

அன்று சாயங்காலம் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பொண்ணு எப்படிடா இருக்கா?"

"தெரியலக்கா. போட்டோ எடுத்துக்கிட்டே இருந்துச்சு. முகத்துக்கு நேரா போன்தான் இருந்துச்சு."

சில நாள் கழித்து முதலாளி போன் செய்தார். "எல்லாருக்கும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு தம்பி. ஞாயித்துக்கிழமை காலையில வீட்டு ஆளுங்களோட வந்துடுங்க. நீங்க இல்லாம காரியம் நடக்காது."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் புதுச் சட்டையிலும், அக்கா ஒரு பெரிய இனிப்புப் பெட்டியோடும் போய் இறங்கினார்கள். வாசலில் உறவுக்கூட்டம். கூட்டத்துக்கு நடுவே, குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு புத்தம் புது வேன். அவனுடைய வேனுக்கு இரட்டைப் பிறவி போல இருந்தது. பக்கத்தில் மகள் ஒரு வாலிபனின் கையைக் கோத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாங்க தம்பி, வாங்க" என்று முதலாளி அவன் தோளில் கை போட்டார். "இவர்தான் எங்க மாப்பிள்ளை. இருந்த வேலையை விட்டுட்டு, லாரி நிக்கிற இடத்துக்கே போய் ரிப்பேர் பண்றேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பொண்ணைக் குடுத்த எங்களுக்கு வயித்துல புளியைக் கரைச்சுது. உங்களை நேர்ல பார்த்தப்புறம்தான் தைரியம் வந்துச்சு. ரிப்பனை நீங்கதான் வெட்டணும்."

அக்கா இனிப்புப் பெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "வாடா, போயிடலாம்" என்று அவன் காதருகே பல்லைக் கடித்தாள்.

மெக்கானிக் நகரவில்லை. வேனை மேலிருந்து கீழாக ஒரு முறை நிதானமாகப் படித்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாகக் கத்தரியை வாங்கி, ரிப்பனை வெட்டி, மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்து வாழ்த்தினான்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றாள் அக்கா.

"வேனைப் பாருக்கா" என்றான் அவன் மெல்ல.

பெயிண்டர் நல்ல உழைப்பாளி. மகள் எடுத்த போட்டோவில் அவன் வேனில் இருந்ததை ஓர் எழுத்து விடாமல் அப்படியே வரைந்திருந்தார், அடியில் கொட்டை எழுத்தில் இருந்த அவனுடைய போன் நம்பர் உட்பட.