மிஞ்சிப்போன சிவப்புத் தட்டு

“பாரு ஜோன், இங்க ஒருத்தருக்கும் தட்டு பார்த்து எடுக்கத் தெரியல!”

ஆம்ப்ரோஸ் மனைவியின் காதில் கிசுகிசுத்தார். வரிசையில் அவருக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் பெட்டியைக் குடைந்து ஆளுக்கொரு தட்டு எடுத்துப் போய்விட்டார்கள். ஒரு பழைய சிவப்புத் தட்டை மட்டும் யாரும் சீந்தவில்லை.

ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு. சிங்கப்பூரின் புக்கிட் பாத்தோக் மேட்டில் பங்குக் கோயில் பிக்னிக். அமெரிக்காவில் படித்துத் திரும்பிய சாமியார் மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெட்டி நிறைய, எறிந்து விளையாடும் பிளாஸ்டிக் தட்டு கொண்டுவந்தாலும் கொண்டுவந்தார், பிக்னிக் என்றால் இப்போது தட்டெறியும் போட்டிதான். கம்பத்தில் கட்டிய பிரம்புக் கூடையில் தட்டு விழ வேண்டும். முதல் கூடை மேட்டின் உச்சியில். இரண்டாவது, அங்கிருந்து கீழே பள்ளத்தில். ஏறும் வழியில் ஒரு கயிறு கட்டியிருக்கும். முதல் வீச்சில் அதைத் தாண்டாதவர் ஆட்டத்தை விட்டு உட்கார வேண்டியதுதான்.

“அதையா எடுக்கப் போறீங்க? விளிம்பெல்லாம் நாய் கடிச்ச மாதிரி இருக்கு” என்றாள் ஜோன்.

“அதான் விஷயமே. மேல எறியும்போது தட்டு சீக்கிரம் வேகம் குறைஞ்சு சரிஞ்சிடும். லேசா, தேஞ்சுபோனதுதான் மிதந்துக்கிட்டே ஏறும். கீழ எறியறதுக்குத்தான் கனமானது வேணும், இல்லேன்னா காத்துல கவிழ்ந்து எங்கயாவது போயிடும். லைப்ரரி புக்ல தெளிவா போட்டிருக்கான் லா.”

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் ஆம்ப்ரோஸ் அந்தப் புத்தகத்தை இரண்டு தடவை எடுத்துப் படித்தவர். காரணம் இருந்தது. தேக்காவிலிருந்து இங்கே வீடு மாறி ஆறு மாதமாகிறது. தேக்காவில் கடைக்குக் கடை ‘வாங்க ஆம்ப்ரோஸ்’ என்பார்கள். இங்கே பூசை முடிந்தால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். இன்றைக்கு ஜெயித்தால் நாலு பேருக்குப் பெயராவது தெரியும். மனுஷனுக்கு அந்த ஆசைகூடவா இருக்கக் கூடாது?

சிவப்புத் தட்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

போட்டியை நடத்தும் சிலுவைராஜ், “அண்ணே...” என்று வாயெடுத்தவர், பின்னால் யாரோ வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பொறாமை என்று ஆம்ப்ரோஸுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

வந்தவர் பிலோமினம்மாள். பிரியாணிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு எப்போதும் கடைசியாகத்தான் வருவார். வாதம் வந்து வலது கை விழுந்துபோன பிறகு எல்லாமே இடது கைதான். பெட்டியில் மிஞ்சியிருந்த இரண்டு கனத்த தட்டுகளையும் எடுத்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

சிலுவைராஜ் ஆம்ப்ரோஸை ஓரமாக இழுத்தார்.

“அண்ணே, அந்தச் சிவப்பு ஆன்ட்டிக்காக விட்டு வைக்கிறது. அவங்க கைக்கு அது ஒண்ணுதான் கயித்தைத் தாண்டும்.”

“அப்ப... அது நல்ல தட்டுன்னு எல்லாருக்கும் தெரியுமா?”

“பதினோரு பேருக்கும் தெரியும்.”

ஆம்ப்ரோஸுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. “முன்னாடியே சொல்லக் கூடாதா? இப்பவே போய்க் குடுத்துடறேன்.”

“குடுத்தா வாங்க மாட்டாங்கண்ணே. முதல் வருஷம் அவங்களுக்காகக் கயித்தைக் கீழ இறக்கிக் கட்டினாங்களாம். ‘நான் என்ன பிச்சைக்காரியா?’ன்னு கோபிச்சுக்கிட்டு பஸ் ஏறிப் போயிட்டாங்களாம். ரெண்டு மாசம் கோயில் பக்கமே வரலியாம். நமக்கெல்லாம் தட்டு எடுக்கத் தெரியல, அதனாலதான் நல்லது மிஞ்சுதுன்னு நெனச்சிட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டோம்.”

“முதல் வீச்சு பிலோமினம்மாள்!” என்று யாரோ கத்தினார்கள். வயதில் மூத்தவர்தான் எப்போதும் தொடங்குவது.

ஆம்ப்ரோஸ் கக்கத்துத் தட்டைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்தார்.

“ஆன்ட்டி, ஒரு உதவி. எனக்கு இந்தத் தேஞ்சுபோன தட்டுதான் கெடச்சுது. உங்களோடது புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு. மாத்திக்கலாமா?” எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகவே கேட்டார்.

பிலோமினம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாடிய முகம் மெல்லத் தெளிந்தது.

“மேல எறியறதுக்கா இதைக் கேக்கறீங்க?”

“ஆமா ஆன்ட்டி. புதுசுதானே நல்லா பறக்கும்?”

“அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது லா” என்றபடி வெடுக்கென்று சிவப்புத் தட்டை வாங்கிக்கொண்டார்.

இடது கையால் ஒரு வீச்சு. தட்டு தள்ளாடியது, நிமிர்ந்தது, மிதந்துகொண்டே ஏறிக் கயிற்றைத் தாண்டி ஒரு முழம் தள்ளி விழுந்தது. மேடு முழுக்கக் கைதட்டல்.

பெயரைக் கூப்பிட்டு ஆம்ப்ரோஸின் முறை வந்தபோது அந்தக் கனத்த தட்டு புத்தகத்தில் சொன்னபடியே நடந்துகொண்டது. பாதியில் சரிந்து, கயிற்றுக்கு நாலடி முன்னால் பொத்தென்று விழுந்தது.

“பார்த்தீங்களா?” பிலோமினம்மாள் ஊருக்கே சொன்னார். “பாவம், புதுசா வந்தவரு. தட்டு பார்த்து எடுக்கத் தெரியல.”

“ஆமா ஆன்ட்டி, எனக்கு எங்க இதெல்லாம் தெரியுது!” என்றார் ஆம்ப்ரோஸ். ஜோன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாயில் இருந்தவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். “இங்க வாங்க ஆம்ப்ரோஸ், இங்க உட்காருங்க!”

சிலுவைராஜ் ஒரு கிளாஸ் கோப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டுக் காதோரம் குனிந்தார்.

“போன வருஷம் புதுசா வந்து அந்தச் சிவப்புத் தட்டை எடுத்தவன் நான்தாண்ணே.”