லாவெண்டர் மாதிரி

கூடத்தில் இருந்தவர்கள்: மேசையில் பேனாவுடன் நான்; எதிரே அக்கா, மடியில் அவள் செய்த லாவெண்டர் சோப்பு; சன்னலோரம் அவள் மாமியார்; உள்வாசலில் ஈர மாப்புடன் அத்தான்.

ஒரு விடுதிக்கு அறைகள் மணக்கக் கைத்தயாரிப்பு ஏதாவது வேண்டுமாம். மாதிரியும் கடிதமும் இன்றே போனால்தான் அக்காவுக்கு முதல் ஆர்டர்.

"அடேயப்பா, வீடே மணக்குதும்மா!" என்றார் மாமியார்.

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "எழுதுடா, 'எங்கள் சோப்பு வீட்டையே மணக்க வைக்கும்'னு!"

எழுதினேன். கூரியர்காரர் வந்து, வாசலில் நின்றபடி சோப்பை முகர்ந்தார்.

"இதுல வாசனையே இல்லீங்களே?"

நாங்களும் வெளியே ஓடி முகர்ந்தோம். வெறும் சோப்பு!

அக்கா பதறினாள். "லாவெண்டர் எண்ணெயை அளந்து டம்ளர்ல வெச்சேனே! திரும்பி வந்தா காலி. சோப்புல ஊத்திட்டேன்னு நினைச்சுட்டேன்."

அத்தான் மாப்பை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "தரை துடைக்கிற மருந்துன்னு நினைச்சு... வாளியில..."

அக்கா தரையைப் பார்த்தாள், அத்தானைப் பார்த்தாள். மாமியார்தான் முதலில் குலுங்கிச் சிரித்தார்; சிரித்தபடியே என்னிடம் சொன்னார்:

"தம்பி, 'சோப்பு'ங்கிறதை அடிச்சுட்டு 'தரை துடைக்கும் திரவம்'னு போடு. வேற ஒரு வார்த்தையும் மாத்தாதே!"

அத்தான் புதிதாக ஒரு பாட்டில் கலக்கிக் கொடுத்தார். நான் உறையை ஒட்டிக் கூரியர்காரர் கையில் கொடுத்தேன்.