பசுமை அதிகாரியின் மெமோ

பேக்கிங் செக்ஷன் சரசம்மாவை வேலையை விட்டு அனுப்புவதற்கான மெமோவை வெஸ்லின் தன் கையாலேயே டைப் அடித்தார்.

குற்றம் சாதாரணமானதல்ல. வெளிநாட்டுக்குப் போன நாற்பது பெட்டிகளில் ஒன்றில்கூட அவள் தெர்மாக்கோல் வைக்கவில்லை. பழைய அட்டைப் பெட்டிகளை வெட்டி, மடித்து, சொருகி அனுப்பியிருக்கிறாள். வாங்கிய தெர்மாக்கோல் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோரில் கிடக்கிறது.

ஓசூர் சிப்காட்டில் சோலார் இன்வெர்ட்டர் செய்யும் அந்தக் கம்பெனியில் வெஸ்லின்தான் பசுமை அதிகாரி. பக்கத்திலிருக்கும் மத்திகிரியிலிருந்து தனி ஆளாகப் பெட்ரோல் காரில் வருவார். வெள்ளிக்கிழமை மட்டும் பச்சைச் சட்டை. சுற்றுச்சூழல் தினம் வந்தால் மைக் அவர் கையில்தான். ஹெட் ஆபீஸ் அனுப்பும் தாளை, கேட்பவர் மனம் கரையும்படி வாசிப்பார்.

பெட்டி போனது பசிபிக் கடலில் ஒரு குட்டித் தீவு நாட்டுக்கு. மொத்த ஜனமும் மத்திகிரியில் பாதிகூடத் தேறாது. டீசல் ஜெனரேட்டரை மூட்டை கட்டிவிட்டு, நாடு முழுக்க சூரிய மின்சாரத்துக்கு மாறப் போகிறார்களாம். நாற்பது பெட்டி சாம்பிள்தான். பிடித்துவிட்டால் ஐந்நூறு. வெஸ்லினுக்கு மேனேஜர் பதவியும் அதோடு சேர்ந்தே வரும்.

அந்த நாட்டு மின்துறை அதிகாரி காலையில் மெயில் அனுப்பியிருந்தார். 'பேக்கிங் பற்றி உடனே பேச வேண்டும்.'

வெஸ்லின் ஸ்டோருக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் மெமோ அடித்தார். சரசம்மாவைக் கூப்பிட்டார்.

"என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு தெரியுதா உனக்கு? பழைய அட்டைய ஃபாரினுக்கு அனுப்பியிருக்க!"

"அய்யோ தேவ்ரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "எதுனா ஒடஞ்சு போச்சுங்களா சார்? ரிஜெக்ட் பீஸ் ஒண்ண வெச்சு மூணு தடவ கீழ போட்டுப் பாத்துட்டுத்தான் கட்டுனேன்."

"ஒடஞ்சுதா இல்லையாங்கறது அப்புறம். யாரக் கேட்டு இப்படிச் செஞ்ச?"

"நீங்க சொல்லித்தானுங்க சார் செஞ்சேன்."

வெஸ்லினுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேருக்கு நேர் நின்று இப்படி ஒரு பொய்யா! மெமோவில் இன்னொரு வரி சேர்த்தார். 'மேலதிகாரி மீது வீண் பழி சுமத்தினார்.' பிரிண்ட் எடுத்துப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

"இங்கயே நில்லு. அவங்க லைன்ல வந்ததும் கும்பிட்டு மன்னிப்புக் கேக்கணும்."

"வீட்ல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான் சார்..."

"அது அட்டைய வெட்டும்போது தெரியலையா?"

வீடியோவில் அந்த அதிகாரி வந்தார். தலையில் பூ வைத்த நடுத்தர வயதுப் பெண்மணி. அவர் வாய் திறக்கும் முன் வெஸ்லின் ஆங்கிலத்தில் ஆரம்பித்துவிட்டார்.

"மிகவும் வருந்துகிறோம் மேடம். தவறு செய்தவரைப் பிடித்துவிட்டோம். திங்கட்கிழமை முதல் அவர் இங்கே இருக்க மாட்டார்."

"தவறா? ஐயோ, அவரை அனுப்பிவிடாதீர்கள்!" அந்த அம்மாள் பதறிப்போனார். "எங்களுக்கு மூன்று நாடுகளிலிருந்து பெட்டிகள் வந்தன. சூரியனைக் கொண்டு வருகிறோம் என்று எல்லோரும் தெர்மாக்கோலைத்தான் கொண்டு வந்து இறக்கினார்கள். குப்பை போட எங்களுக்கு ஒரே ஒரு பள்ளம். அதுவும் நிரம்பிவிட்டது. உங்கள் பெட்டியில் மட்டும்தான் தூக்கிப் போட ஒன்றுமே இல்லை. அட்டையை நனைத்துத் தோட்டத்துக்கு உரமாகப் போட்டுவிட்டோம். ஐந்நூறும் உங்களுக்குத்தான். ஆனால் இதே மாதிரிதான் கட்டி அனுப்ப வேண்டும். யாருடைய யோசனை இது?"

வெஸ்லின் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். கை தானாக நகர்ந்து மெமோவை மூடியது.

"அது... எங்கள் கம்பெனியின் பசுமைக் கொள்கை மேடம்."

ஒன்றும் புரியாமல் நின்ற சரசம்மா, அந்த அம்மாள் சிரிப்பதைப் பார்த்துக் கும்பிட்டு வைத்தாள். அவரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

அழைப்பு முடிந்தது. வெஸ்லின் மெமோவை மேசைக்கடியில் வைத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார். முழுசாக் குடுங்க, பெட்டி மூலைக்கு மடிச்சு வெச்சுக்கறேன்."

கொடுத்தார். அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்பதில் ஒரு நிம்மதி. அப்படி நிம்மதிப்பட்டதில் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

"வேலைக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு, நிஜமாச் சொல்லுங்க சரசம்மா. நான் எப்ப உங்களுக்கு இதச் சொன்னேன்?"

"ஜூன் மாசம் கேன்டீன்ல மைக் வெச்சுப் பேசுனீங்களே சார். 'அந்தத் தீவுல குப்பை கொட்ட எடமே கெடையாது, எல்லாம் கடலுக்குத்தான் போவுது, நாம அனுப்பற தெர்மாக்கோல மீன் திங்குது'ன்னு. மறந்துட்டீங்களா?"

வெஸ்லின் யோசித்துப் பார்த்தார். பேசியதில் ஒரு வரிகூட ஞாபகத்துக்கு வரவில்லை. அன்றைய மட்டன் பிரியாணி மட்டும் நன்றாக ஞாபகம் இருந்தது.

"அவ்வளவு நல்லாவா பேசினேன்?" ஆசையாகக் கேட்டார்.

"அது தெரியலீங்க சார். பாதியிலயே எல்லாரும் பிரியாணி லைனுக்கு எந்திரிச்சுப் போயிட்டாங்க. நானும் போலாம்னுதான் பாத்தேன். நீங்க பாட்டுக்குத் தாளப் பாத்துப் படிச்சுக்கிட்டே இருந்தீங்க. ஒருத்தராச்சும் கேக்க வேணாமான்னு பாவமா இருந்துச்சு. அதான் ஒக்காந்துட்டேன்."