காட்டின் முதுகில் ஓர் அரண்மனை

துணி மிச்சமாகட்டும் என்று அந்த நாடகக் கம்பெனியில் ஒரே படுதாவின் இரண்டு பக்கமும் வரைந்திருந்தார்கள். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் அரண்மனை. காட்சி மாறினால் படுதாவைத் திருப்பி மாட்டுவார்கள்.

அரண்மனையைக் கண்டதுமே கொட்டகை அதிரக் கைதட்டல் எழும். பின்பக்கம் சுவரைப் பார்த்துத் தொங்கும் காட்டுக்கு வயிறு எரியும். தன் நடுவிலும்தான் ஒரு மான் துள்ளுகிறது, ஒருத்தராவது கண்டுகொண்டார்களா?

ஒரு மத்தியானம் அந்தப் பக்கம் வந்த எலியைக் காடு கூப்பிட்டது.

"அண்ணே, எனக்குப் பின்னால் ஒருத்தி மினுக்கிக்கொண்டு நிற்கிறாளே, அவளை நட்டநடுவில் கடித்து வையுங்கள்."

"உனக்கு வலிக்காதா?" என்றது எலி.

"எனக்கு எதுக்கு வலிக்கிறது? குளுகுளுவென்று இருக்கும்."

எலி கடித்தது.

அன்று மாலை அரண்மனையின் ஓட்டை தெரியாதபடி சிம்மாசனத்தை நகர்த்திப் போட்டார்கள். ராஜா உட்கார்ந்தார். வழக்கம்போலக் கைதட்டல்.

அடுத்த காட்சிக்குப் படுதாவைத் திருப்பினார்கள். மானின் வயிற்று ஓட்டை வழியாக, ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு பஜ்ஜி தின்பது தெரிந்தது. கொட்டகை விழுந்து விழுந்து சிரித்தது.

காடு எலியிடம் பொருமியது: "பார்த்தீர்களா அண்ணே, அவளுக்கு மட்டும் நாற்காலி போடுகிறார்கள்."