கொல்லையில் ஒரு குட்டி வீடு

கொல்லைப்புறத்தில் மாமனார் ஒற்றை அறை வீடு கட்டத் தொடங்கியதிலிருந்தே மருமகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வெள்ளையடிக்கும் அன்று பொறுக்க மாட்டாமல் போய் நின்றுவிட்டாள்.

"மாமா, நாங்க என்ன குறை வெச்சோம்? இந்த வயசுல நீங்களும் அத்தையும் தனியா வந்து இருக்கணுமா? எல்லாரும் என்னைத்தானே பேசுவாங்க!"

மாமனார் பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

"நாங்க வரப்போறோம்னு யாரும்மா சொன்னது?"

"பின்னே யாருக்கு இது?"

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து நீயும் என் பையனும் கூடத்துல எங்க எல்லார் நடுவுலயும் ஆளுக்கொரு மூலையில படுக்கிறீங்க. ஒரு வார்த்தை பேசணும்னாகூடத் துணி எடுக்கிற சாக்குல மொட்டை மாடிக்கு ஓடுறீங்க. எனக்குக் கண்ணு இல்லையா? உங்களுக்குத்தாம்மா கட்டுறேன். என்ன, கொஞ்சம் சின்னது."

"தாராளமா போதும் மாமா!" என்று வாய் தவறி உரக்கச் சொல்லிவிட்டு, வெட்கத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டாள்.

அதற்குள் மாமியார் சுத்தியலோடு வந்து, கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் அடிக்க ஆரம்பித்தார்.

"நல்லா சாத்திக்கோங்க. யார் தட்டினாலும் திறக்காதீங்க" என்றவர், கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "முக்கியமா, நான் தட்டினா!"